வாசகர் கேள்வி-பதில்: பள்ளி எல்லையும் வகுப்பறைக் கணக்கும்

சென்ற இதழில், பள்ளிக் கட்டடத்தின் கொள்ளளவுக்கு ஏற்பச் சேர்க்கை எல்லைகளைத் திருத்தி வரைவது பற்றி இரண்டு பத்தி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் அந்தக் குறிப்பைவிடப் பல மடங்கு நீளமானவை. எழுதியவர்களில் பலர் அமெரிக்காவில் பிள்ளைகளைப் பொதுப் பள்ளியில் படிக்கவைக்கும் பெற்றோர். அங்கே பெரும்பாலான ஊர்களில், ஒரு குழந்தை எந்தப் பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை வீட்டு முகவரியே தீர்மானிக்கிறது. அந்த முகவரி எந்தப் பள்ளியின் எல்லைக்குள் விழுகிறது என்பதை, அந்தப் பள்ளி மாவட்டத்தின் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு; கீழே ‘மாவட்டம்’ என்பது இதுவே) பள்ளி வாரியம் தீர்மானிக்கிறது. பெயர்களை விட்டுவிட்டு, ஒரே பொருளுடைய கேள்விகளை ஒன்றாக்கிப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: நான்கு ஆண்டுகளுக்கு முன் எங்கள் தொடக்கப் பள்ளி 74 சதவீதம்தான் நிரம்பியிருக்கிறது என்று அறிக்கை வந்தது. இப்போது 108 சதவீதம் நிரம்பி வழிகிறது, ஆகவே எல்லையை மாற்றுகிறோம் என்கிறார்கள். அன்றும் இன்றும் படிப்பவர்கள் ஏறக்குறைய அதே 620 பேர். கட்டடத்தில் ஒரு செங்கல்கூடக் குறையவில்லை. இதில் எது பொய்?

பதில்: இரண்டுமே பொய்யாக இல்லாமல் இருக்கலாம். பிள்ளைகளின் எண்ணிக்கை மாறவில்லை என்றால், அதை எதனால் வகுத்தார்களோ அந்த எண் மாறியிருக்கிறது. கொள்ளளவு என்பது தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவைப் போல அளந்து பார்த்துச் சொல்லும் அளவு என்றே பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது, ஒவ்வோர் அறையையும் எதற்குப் பயன்படுத்தப் போகிறோம், ஓர் அறையில் எத்தனை பேரை உட்கார வைப்பது முறை என்று சிலர் கூடி எடுத்த முடிவுகளின் பெருக்குத்தொகை.

உங்கள் எண்களையே வைத்துக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பள்ளியில் 30 அறைகள் இருப்பதாகக் கொள்வோம். கதவு உள்ள அறை எல்லாம் வகுப்பறை, அறைக்கு 28 பேர் என்று எண்ணினால் 840 இடங்கள் கிடைக்கும். 620 பேர் படிக்கும்போது அது 74 சதவீதம். இனி அந்த 30 அறைகளில் ஓவியத்துக்கு ஒன்று, இசைக்கு ஒன்று, அறிவியலுக்கு ஒன்று, ஆங்கிலம் புதிதாகக் கற்கும் குழந்தைகளுக்கு ஒன்று, சிறப்புக் கல்விக்கு இரண்டு என ஆறு அறைகளை ஒதுக்கி, மீதமுள்ள 24 அறைகளில் அறைக்கு 24 பேர் என்று எண்ணிப் பாருங்கள். 576 இடங்கள் வரும். அதே 620 பேர் இப்போது 108 சதவீதம் ஆகிவிடுவார்கள். சிறப்புக் கல்வி அறைகளிலும் பிள்ளைகள் படிக்கத்தானே செய்கிறார்கள், அறைக்குப் பத்துப் பேரைச் சேர்க்க வேண்டாமா என்று ஒருவர் கேட்டால், கொள்ளளவு 596 ஆகவும் நிரம்பிய அளவு 104 சதவீதமாகவும் மாறும். கட்டடம் ஒன்று, கணக்கு மூன்று. ஒன்று "இடம் காலியாகக் கிடக்கிறது, பள்ளியை மூடலாம்" என்று சொல்ல உதவும். மற்றொன்று "இடமே இல்லை, பிள்ளைகளை வேறிடம் அனுப்ப வேண்டும்" என்று சொல்ல உதவும்.

2013-ஆம் ஆண்டு சிகாகோ நகரம் ஏறத்தாழ 50 பள்ளிகளை ஒரே வீச்சில் மூடியபோது, பெரிதும் முன்வைக்கப்பட்ட காரணம் இடம் குறைவாகவே பயன்படுகிறது என்பதுதான். அங்கே வகுப்புக்கு 30 பேர் என்ற அடிப்படையில் கணக்கிட்டார்கள். சிறப்புக் கல்விக்கெனச் சட்டப்படி சிறிதாக இருக்க வேண்டிய வகுப்புகளை அந்தக் கணக்கு போதிய அளவு மதிக்கவில்லை என்று பெற்றோர் வாதாடினார்கள். அவர்கள் வாதாடியது வரைபடத்தோடு அல்ல, வகுக்கும் எண்ணோடு. சரியான இடத்தில்தான் கை வைத்தார்கள் என்பது என் எண்ணம்.

உயர்நிலைப் பள்ளியில் கணக்கு இன்னொரு விதம். மாணவர்கள் பாடத்துக்குப் பாடம் அறை மாறுகிறார்கள். ஆறு பாடவேளைகளில் ஐந்தில் பாடம் நடத்தும் ஆசிரியர், ஆறாவது வேளையில் தம் அறையிலேயே அமர்ந்து பாடத்தைத் தயாரிக்கிறார் என்றால், அந்த அறை ஆறில் ஐந்து பங்கு நேரம்தான் வகுப்பறை. 40 அறைகள், அறைக்கு 25 பேர் என்றால் ஆயிரம் என்று எழுதிவிட முடியாது. 833 என்றுதான் எழுத வேண்டும். உயர்நிலைப் பள்ளிகளுக்கு மொத்த இடங்களில் 75 முதல் 85 சதவீதத்தை மட்டும் கொள்ளளவாகக் கணக்கிடும் வழக்கம் இதிலிருந்து வந்ததுதான்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அறிக்கைகளின் அட்டவணையில் இது தென்படவே தென்படாது. பிள்ளைகள் மொத்தமாக வருவதில்லை. வகுப்பு வகுப்பாக வருகிறார்கள். இரண்டாம் வகுப்பில் ஒரு பிரிவுக்கு 25 பேர் வரை என்று விதி இருந்து, 50 பேர் படித்தால் இரண்டு அறை போதும். 51-ஆவது குழந்தை வந்து சேரும் நாளில் மூன்றாவது அறையும் மூன்றாவது ஆசிரியரும் வேண்டும். அறைக்குப் பதினேழு பேராக அமர்வார்கள். ஆகவே 90 சதவீதமே நிரம்பியதாகத் தாளில் காட்டும் பள்ளியில், ஒரு வகுப்பு மட்டும் இடமின்றித் தவிப்பது முரண்பாடு அல்ல. பல மாவட்டங்கள் 80 முதல் 100 சதவீதம் வரையிலான வீச்சை இலக்காக வைத்திருப்பதற்கு, அந்த மூச்சுவிடும் இடம் இல்லாமல் ஒரு பள்ளியை நடத்த முடியாது என்பதே காரணம்.

கேள்வி: எங்கள் பள்ளியில் நெருக்கடியே இல்லை. நெருக்கடி பக்கத்துப் பள்ளியில். ஆனால் மாற்றப்படுபவர்கள் எங்கள் பிள்ளைகள். இது என்ன நியாயம்?

பதில்: உங்களுடைய கோபம் நியாயமானது, அந்த முடிவுக்கும் ஒரு காரணம் இருக்கிறது. கிழக்கே உள்ள பள்ளியில் 150 பேர் அதிகம். மேற்கே உள்ள பள்ளியில் 200 இடங்கள் காலி. நடுவில் உங்கள் பள்ளி, நிரம்பியும் நிரம்பாமலும் சரியாக நிற்கிறது. கிழக்கிலிருந்து 150 பேரை நேராக மேற்கே அனுப்பினால், அந்தப் பேருந்து ஒவ்வொரு நாளும் உங்கள் பள்ளியின் வாசலைத் தாண்டிப் போகும். அந்தக் குழந்தைகள் தங்கள் வீட்டைச் சுற்றி யாரும் படிக்காத ஒரு பள்ளியில் தீவாக இருப்பார்கள். அதைத் தவிர்க்க, கிழக்கிலிருந்து 150 பேர் உங்கள் பள்ளிக்கும், உங்கள் பள்ளியின் மேற்கு ஓரத்திலிருந்து 150 பேர் அடுத்த பள்ளிக்கும் நகர்த்தப்படுகிறார்கள். பயணத் தூரம் குறைகிறது, எல்லைகள் ஒட்டுப்போட்டது போலில்லாமல் ஒரே துண்டாக இருக்கின்றன. ஆனால் 150 பேருடைய சிக்கலைத் தீர்க்க 300 குழந்தைகள் பள்ளி மாறுகிறார்கள்.

இந்த இரண்டில் எது மேல் என்பதற்கு எந்தச் சூத்திரமும் கிடையாது. நான் பொதுவாகக் குறைந்த எண்ணிக்கையில் குழந்தைகள் நகரும் வழியையே விரும்புகிறேன். ஆனால் பேருந்தில் முக்கால் மணி நேரம் போகவேண்டியவர்கள் ஐந்து வயதுக் குழந்தைகள் என்றால் என் விருப்பத்தை மாற்றிக்கொள்வேன். வாரியம் செய்யவேண்டியது, இரண்டு வழிகளிலும் எத்தனை பேர் நகர்வார்கள், எவ்வளவு நேரம் பயணம் என்ற இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுவது. உங்கள் கடிதத்தோடு நீங்கள் இணைத்திருந்த அறிவிப்பில் நகரும் மாணவர்களின் மொத்த எண்ணிக்கையே இல்லை. கூட்டத்தில் முதலில் அதைக் கேளுங்கள்.

கேள்வி: நான் மென்பொருள் துறையில் இருக்கிறேன். இது, பல வழிகளில் மிகச் சிறந்ததைத் தேடும் ஓர் உகப்பாக்கக் கணக்கு. கணினியிடம் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் சரியான எல்லையைத் தந்துவிடாதா?

பதில்: தரும். தந்தும் இருக்கிறது. உற்பத்தி இடங்களிலிருந்து தேவை இடங்களுக்குப் பண்டங்களை மிகக் குறைந்த செலவில் அனுப்புவது எப்படி என்று 1941-இல் ஹிட்ச்காக் என்பவர் வகுத்த போக்குவரத்துக் கணக்கின் உருவம்தான் இதற்கும்: பண்டத்துக்குப் பதில் மாணவர், கிடங்குக்குப் பதில் பள்ளி, கிடங்கின் கொள்ளளவுக்குப் பதில் வகுப்பறைகளின் கொள்ளளவு. இன்று மாவட்டம் முழுவதையும் சில தெருக்கள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை மாணவர்கள் என்பதைக் கணினி வரைபடத்தில் ஏற்றி, கட்டங்களை இங்கும் அங்கும் நகர்த்திப் பார்க்கிறார்கள். நூறு கட்டங்களும் நான்கு பள்ளிகளும் இருந்தால் சாத்தியமான பங்கீடுகள் நான்கின் நூறாம் அடுக்கு. மனிதர் உட்கார்ந்து தேடி முடிக்கக்கூடியதல்ல. அந்த வகையில் கணினி இல்லாமல் ஆகாது.

ஆனால் எதைக் குறைக்கச் சொல்லி அதற்குக் கட்டளையிடுகிறீர்கள்? மொத்தப் பயணத் தூரத்தையா, பள்ளி மாறும் குழந்தைகளின் எண்ணிக்கையையா, ஒரே தொடக்கப் பள்ளியில் படித்தவர்கள் இரண்டு நடுநிலைப் பள்ளிகளாகப் பிரிவதையா? மூன்றுக்கும் எடை கொடுக்கிறேன் என்றால், எதற்கு எவ்வளவு எடை? அந்த எடைகளைப் போடுவது கணினி அல்ல. மேசையின் இந்தப் பக்கம் இருப்பவர்கள்.

அளக்கும் தூரமும் எப்போதும் நம்பத்தக்கதல்ல. நான் சில ஆண்டுகள் ஒரு மாவட்டத்தின் எல்லைக் குழுவில் வெளியாளாக அமர்ந்திருந்தேன். ஒரு குடியிருப்பைப் புதிய பள்ளியோடு சேர்ப்பதே மிகப் பொருத்தம் என்று திரையில் தெரிந்தது. தூரம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு. காலை ஏழேகாலுக்கு அங்கே போய் நடந்து பார்த்தோம். நடுவில் ரயில் பாதை. கடக்கும் இடம் வடக்கே வெகு தொலைவில். அந்தக் கடவைக்குச் சுற்றிப் போய்ப் பள்ளியின் வாயிலை அடைய எங்களுக்கு நாற்பத்தெட்டு நிமிடங்கள் ஆயின. வேலியில் ஒரு பிளவு இருந்தது. அதன் வழியே புகுந்து போனால் பத்து நிமிடம்தான் என்பதைப் பத்து வயதுப் பையன்கள் எங்களைவிட நன்றாக அறிந்திருப்பார்கள் என்று எண்ணியபோதுதான் அந்தத் திட்டத்தைக் கைவிட்டோம். நேர்க்கோட்டுத் தூரத்தைக் கொண்டு போடப்பட்ட திட்டம் எதையும் அதற்குப் பிறகு நான் நம்பியதில்லை.

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்குள் இது மூன்றாவது எல்லை மாற்றம். ஒரே தடவையில் சரியாகச் செய்யக்கூடாதா?

பதில்: வருங்காலத்தில் எத்தனை மாணவர்கள் வருவார்கள் என்ற கணிப்பு தவறினால் எல்லையும் தவறும். வழக்கமான கணிப்பு முறை எளிமையானது. ஒரு வகுப்பில் இருந்தவர்களில் எத்தனை பங்கினர் அடுத்த ஆண்டு அடுத்த வகுப்பில் இருக்கிறார்கள் என்பதைச் சில ஆண்டுகளுக்குச் சராசரி எடுப்பார்கள். கிண்டர்கார்டனில் 100 பேர் இருந்தால் முதல் வகுப்பில் 104 பேர் இருப்பது வழக்கம் என்றால், இந்த ஆண்டின் 110 பேர் அடுத்த ஆண்டு ஏறக்குறைய 114 ஆவார்கள். கிண்டர்கார்டனுக்கு வரப்போகிறவர்களை ஐந்து ஆண்டுகளுக்கு முந்தைய பிறப்புப் பதிவுகளிலிருந்து ஊகிப்பார்கள். கட்டப்படவிருக்கும் வீடுகளுக்கு, தனி வீடு ஒன்றுக்கு இத்தனை, அடுக்ககத்துக்கு இத்தனை என்று தனியே ஒரு பெருக்கெண் உண்டு.

மாவட்டம் முழுவதற்கும் இந்தக் கணிப்பு பெரும்பாலும் பொருந்திவிடும். தனித்தனிப் பள்ளிக்குத்தான் சறுக்கும். பரப்பு சுருங்கச் சுருங்கப் பிழை பெருகும் என்பது கணக்கின் இயல்பு. புதிய குடியிருப்பு ஒன்றில் இளம் தம்பதியர் ஒரே நேரத்தில் குடியேறுகிறார்கள், பிள்ளைகள் ஒரே நேரத்தில் பள்ளிக்கு வருகிறார்கள், பள்ளி பிதுங்குகிறது. பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் அதே வீடுகளில் அதே மனிதர்கள் இருப்பார்கள், பிள்ளைகள் மட்டும் இருக்க மாட்டார்கள். உச்சத்தில் இருக்கும்போது எடுத்த கணக்கை வைத்து எல்லை வரைந்தால், அது சரிவின்போது பொருந்தாது.

அதன் மேல் 2020 வந்து சேர்ந்தது. அமெரிக்கப் பொதுப் பள்ளிகளின் மாணவர் எண்ணிக்கை அந்த ஓராண்டில் மட்டும் ஏறத்தாழ 3 சதவீதம் குறைந்தது. அந்த ஆண்டையும் சேர்த்துச் சராசரி எடுத்த கணிப்புகள் எல்லாமே கோணலாகிவிட்டன. பிறப்புகளும் குறைந்துவருகின்றன: 2007-இல் சுமார் 43 லட்சமாக இருந்தவை 2023-இல் சுமார் 36 லட்சம். ஆகவே இனி வரும் எல்லை மாற்றங்களில் பல, நெருக்கடிக்காக அல்லாமல் பள்ளிகளை மூடுவதற்காகச் செய்யப்படும். இன்று புதுக் கட்டடத்துக்கு ஒப்புதல் கேட்கும் ஒவ்வொரு வாரியத்திடமும் இந்த இரண்டு எண்களைச் சொல்லிக் காட்டலாம்.

உங்கள் மாவட்டம் மூன்று முறை மாற்றியதற்கு எல்லாக் குற்றத்தையும் கணிப்பின் தலையில் சுமத்தவும் நான் தயாரில்லை. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு பள்ளியின் நெருக்கடியை மட்டும் கவனித்து, அக்கம்பக்கத்துப் பள்ளிகளைச் சேர்த்துப் பார்க்காமல் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்பது நீங்கள் எழுதியதிலிருந்தே தெரிகிறது.

கேள்வி: என் மகன் நான்காம் வகுப்பு. அடுத்த ஆண்டு வேறு பள்ளி, அதற்கடுத்த ஆண்டு நடுநிலைப் பள்ளி. ஒரே ஓர் ஆண்டுக்காக அவனை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

பதில்: பெரும்பாலும் வேண்டியதில்லை. கடைசி வகுப்பை எட்டிவிட்டவர்கள் பழைய பள்ளியிலேயே முடிக்கலாம் என்ற விலக்கு எல்லைத் திட்டங்களில் பரவலாக உண்டு. சில மாவட்டங்களில் அவர்களுடைய தம்பி தங்கையருக்கும் உண்டு. எழுதிக் கேட்டுப் பெறவேண்டியிருக்கலாம், அதற்குக் கெடு நாளும் இருக்கும். கூடவே ஒரு நிபந்தனையும் இருப்பது வழக்கம்: பேருந்து வராது, நீங்களே கொண்டுவிட வேண்டும். காரும் காலை நேரமும் உள்ள வீட்டுப் பிள்ளைகள் தங்கிவிடுகிறார்கள், மற்றவர்கள் போய்விடுகிறார்கள். எல்லோருக்கும் பொதுவாக எழுதப்பட்ட விலக்கு, நடைமுறையில் சிலருக்கு மட்டுமே ஆகிறது. விலக்குக் கொடுப்பதென்றால் பேருந்தோடு கொடுக்க வேண்டும் என்று நான் பலமுறை எழுதியிருக்கிறேன்.

இப்போது படிக்கும் எல்லோரும் தங்கலாம், புதிதாகச் சேர்பவர்கள் மட்டும் புதிய எல்லைப்படி போகட்டும் என்று தாராளமாக விட்டுவிட்டால் என்ன என்று இன்னொரு தாயார் கேட்டிருக்கிறார். கிண்டர்கார்டன் முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆறு வகுப்புகள். 150 பேரைக் குறைக்கவேண்டிய பள்ளியில், முதல் ஆண்டில் ஏறக்குறைய 25 பேர்தான் குறைவார்கள். முழுப் பலன் கிடைக்க ஆறு ஆண்டுகள் ஆகும். அதுவரை தாங்குமா என்பதைப் பள்ளிக்குப் பள்ளி பார்த்துச் சொல்ல வேண்டும். தாங்கும் என்றால் அதைவிட இரக்கமான வழி வேறில்லை.

கேள்வி: இடம் போதவில்லை என்றால் போர்ட்டபிள் வகுப்பறைகளைப் போட்டுவிட்டுப் போகலாமே? எல்லையை ஏன் தொட வேண்டும்?

பதில்: மைதானத்தில் கொண்டுவந்து இறக்கும் அந்தப் பெட்டி வகுப்பறைகள் வகுப்பறைகளைத்தான் கூட்டுகின்றன. சாப்பாட்டுக் கூடம், கழிப்பறை, நூலகம், நடைபாதை எதுவும் கூடுவதில்லை. ஆறு பெட்டிகள் போட்ட ஒரு பள்ளியில் முதல் பந்தி பத்தரை மணிக்குத் தொடங்குவதைப் பார்த்திருக்கிறேன்; கூடம் ஒன்றுதான், உண்பவர்கள் அதிகம் என்பதால் நான்கு பந்திகள். கடைசிப் பந்தியில் பசி தாங்காத பிள்ளைகள், முதல் பந்தியில் பசியே எடுக்காத பிள்ளைகள். தற்காலிகம் என்று சொல்லி வந்த பெட்டிகள் இருபது ஆண்டுகள் நிற்பதும் உண்டு.

எல்லையைத் தொடாமல் கொள்ளளவைக் கூட்ட வேறொரு வழி, ஆண்டு முழுவதும் இயங்கும் நாட்காட்டி. மாணவர்களை நான்கு பிரிவுகளாக்கி, எந்த நேரத்திலும் ஒரு பிரிவு விடுமுறையில் இருக்கும்படி சுழற்றினால், 600 இடங்களில் 800 பேர் படிக்கலாம். வடக்குக் கரோலைனாவின் வேக் மாவட்டம் இதைப் பல பள்ளிகளில் கையாண்டிருக்கிறது. ஒரே வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கு இரண்டு விடுமுறை என்றானால் அந்த வீட்டின் பாடு என்ன என்பதையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும்.

கேள்வி: எல்லை மாறினால் வீட்டின் விலை விழும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்துகிறார்கள். உண்மையா?

பதில்: பயம் ஆதாரமற்றதல்ல. மாசசூசெட்ஸில் பாஸ்டனின் புறநகர்ப் பகுதிகளில், சேர்க்கை எல்லையின் இருபுறமும் அருகருகே உள்ள வீடுகளை ஒப்பிட்டு, சாண்ட்ரா பிளாக் என்ற பொருளியலாளர் 1999-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். தேர்வு மதிப்பெண் 5 சதவீதம் கூடுதலாக உள்ள பள்ளிக்காகப் பெற்றோர் வீட்டுக்கு ஏறத்தாழ 2.5 சதவீதம் கூடுதல் விலை தரத் தயாராக இருந்தார்கள் என்பது அதன் முடிவு. கூட்டத்தில் எழுந்து பேசுபவர்களில் பலர் பிள்ளைகளின் நட்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வீட்டுக் கடனைப் பற்றி யோசிப்பதில் எனக்கு வியப்பு இல்லை. ஆனால் வீட்டு விலையைக் காப்பது பள்ளி வாரியத்தின் வேலை அல்ல.

கேள்வி: கொள்ளளவு என்ற பெயரில் எல்லையை வரைந்து, வேண்டாத பிள்ளைகளை ஒதுக்கிவைப்பதும் நடக்கிறது என்கிறார்களே?

பதில்: நடந்திருக்கிறது, நீதிமன்றத் தீர்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கிறது. நிறத்தின் அடிப்படையில் பள்ளிகளைப் பிரிப்பது சட்டவிரோதம் என்று 1954-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பிரவுன் வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்குப் பின் வந்த டென்வர் நகரத்தின் கீஸ் வழக்கைத்தான் இந்தக் கேள்விக்காக முக்கியமாகப் படிக்க வேண்டும். தீர்ப்பு 1973-இல் வந்தது. டென்வரில் பிரிவினையைக் கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் இருக்கவில்லை. ஆனால் பார்க் ஹில் பகுதியில் பள்ளி வாரியம் செய்தவற்றைப் பாருங்கள்: கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியின் நடுவில் பாரெட் என்ற தொடக்கப் பள்ளியை வேண்டுமென்றே சிறியதாகக் கட்டியது, சேர்க்கை எல்லைகளை வளைத்து வளைத்து வரைந்தது, சில பகுதிகளுக்கு மட்டும் விருப்பப் பள்ளி என்று சலுகை தந்தது, பிள்ளைகளைப் பக்கத்துப் பள்ளிகளின் காலி இடங்களுக்கு அனுப்பாமல் நகரும் வகுப்பறைகளை அளவுக்கு மீறிப் பயன்படுத்தியது. இவற்றில் எதையும் தனியே எடுத்துப் பார்த்தால் சாதாரண நிர்வாக முடிவாகத்தான் தோன்றும். சேர்த்துப் பார்த்தபோது அது திட்டமிட்ட பிரிவினை என்று நீதிமன்றம் கண்டது.

பாரெட் பள்ளியைச் சிறியதாகக் கட்டியதை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கட்டும்போதே சுவரின் நீளத்தைத் தீர்மானித்துவிட்டால், பிறகு யாரும் எல்லையைக் குற்றம் சொல்ல முடியாது. "கட்டடத்தில் இவ்வளவுதான் கொள்ளும்" என்று கைவிரித்துவிடலாம். கொள்ளளவை ஆராயாமல் எல்லையை மட்டும் ஆராய்வது ஏன் போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான சான்று அதுதான்.

இன்றைய நிலை என்ன என்று சேர்த்துக் கேட்டிருக்கிறீர்கள். 2007-இல் சியாட்டில், லூயிவில் நகரங்களின் வழக்கில், தனி மாணவர் ஒருவரை அவருடைய இனத்தைப் பார்த்துப் பள்ளிக்கு ஒதுக்கும் திட்டங்களை உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் அந்த வழக்கில் தீர்ப்புக்கு ஐந்தாவது வாக்கைத் தந்த நீதிபதி கென்னடி, அக்கம்பக்கத்தின் மக்கள்தொகைச் சேர்க்கையைப் பொதுவாக மனத்தில் கொண்டு எல்லைகளை வரைவதும், புதிய பள்ளிகளுக்கு இடம் தேர்வதும் ஏற்கத்தக்கவை என்று தனியே எழுதினார். நல்ல நோக்கத்தோடு எல்லையை வரைய விரும்பும் மாவட்டங்களுக்கு அந்தத் தனிக் கருத்து பெரிய துணை.

கேள்வி: பள்ளி மாவட்ட எல்லையும் சேர்க்கை எல்லையும் ஒன்றுதானே?

பதில்: இல்லை. சேர்க்கை எல்லை மாவட்டத்துக்குள் இருக்கும் கோடு. பள்ளி வாரியம் கூட்டத்தில் வாக்களித்து மாற்றிவிடலாம். மாவட்ட எல்லை வரி வசூலிக்கும் எல்லை. அதை மாற்ற மாநிலச் சட்டம் சொல்லும் நடைமுறை வேண்டும். நெருக்கடியான பள்ளிக்கு மிக அருகில் காலியான பள்ளி ஒன்று இருந்தும் அது அடுத்த மாவட்டத்தில் இருப்பதால் பயனின்றிப் போவது இதனால்தான்.

கேள்வி: மற்ற நாடுகளில் எப்படி?

பதில்: பிரான்ஸில் 1963 முதல் பள்ளி வரைபடம் என்ற பெயரில் முகவரிப்படி ஒதுக்கும் முறை உள்ளது, 2007-இல் அதைத் தளர்த்தி, வேறு பள்ளி கேட்பதை எளிதாக்கினார்கள். தென் கொரியா 1974-இல் பெரு நகரங்களில் உயர்நிலைப் பள்ளிகளுக்குத் தனித்தனி நுழைவுத் தேர்வை நீக்கி, வட்டாரத்துக்குள் குலுக்கல் முறையைக் கொண்டுவந்தது. குலுக்கலில் கோடு பெரிதாகிவிடுகிறது, அவ்வளவே. வட்டாரம் என்ற எல்லை அங்கும் உண்டு. இந்தியாவின் கல்வி உரிமைச் சட்டத்துக்கான 2010-ஆம் ஆண்டு விதிகள், ஐந்தாம் வகுப்பு வரை ஒரு கிலோமீட்டருக்குள்ளும் எட்டாம் வகுப்பு வரை மூன்று கிலோமீட்டருக்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும் என்கின்றன. ஆனால் அது பள்ளியை எங்கே அமைப்பது என்பதற்கான தூரம். இன்ன தெருப் பிள்ளை இன்ன பள்ளிக்குத்தான் போக வேண்டும் என்று சொல்லும் கோடு அல்ல.

கேள்வி: (ஆறாம் வகுப்பு மாணவி ஒருவர்) நானும் என் தோழியும் ஒரே தெரு. அவள் வீடு எதிர்ப்பக்கம். அவள் ஒரு பள்ளிக்கும் நான் ஒரு பள்ளிக்கும் போகப் போகிறோம். கோட்டை ஏன் தெரு நடுவில் போடுகிறார்கள்?

பதில்: கணினி வரைபடத்தில் தெருவின் நடுக்கோடு ஏற்கெனவே வரையப்பட்டு இருப்பதால், அதையே எல்லையாக எடுத்துக்கொள்வது வரைபவர்களுக்கு எளிது, அம்மா. யாரும் கடக்க அஞ்சும் பெரிய சாலையாக இருந்தால் அது நல்ல எல்லைதான். நீங்கள் இருவரும் பந்து விளையாடும் சிறு தெருவாக இருந்தால் அது மோசமான எல்லை. அங்கே கோடு வீடுகளின் பின்பக்க வேலி வழியாகப் போயிருக்க வேண்டும். அப்படிப் போட்டால் ஒரு தெருவின் இரு பக்கமும் ஒன்றாகவே இருக்கும். உன் தெருவில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் மொத்தம் பதினோரு பேர் என்று நீயே எண்ணி எழுதியிருக்கிறாய். எந்தப் பள்ளியானாலும் பதினோரு பேரை எந்தெந்த வகுப்பில் சேர்க்க முடியும் என்று வாரியத்தால் பார்த்துச் சொல்ல முடியும். வீட்டு எண்களோடும் வகுப்புகளோடும் அந்தப் பட்டியலை அப்படியே அவர்களுக்கு அனுப்பு. பெரியவர் ஒருவரையும் கையெழுத்துப் போடச் சொல்.